காலி வீட்டில் குடியிருந்தவள்

கெல்வின் எஸ்டேட் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் விதிகளில் குடும்பம் என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள். குடும்பம் என்றால் குடும்பத் தலைவர், அவருடைய கையொப்பம் மற்றும் பிறர். தினேஸ்வரி கல்யாணமான நாளிலிருந்து பிறராக இருந்துவந்தாள். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை, கோகிலனிடமிருந்து அந்த வாட்ஸ்அப் செய்தி வரும்வரை.

'வீட்ட விக்கப் போறேன். மாசக் கடைசிக்குள்ள சாமான எடுத்துக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. பிரச்சன வேணாம்.'

கடைசியில் கும்பிடும் கைகள் இரண்டு ஜோடி போட்டிருந்தான்.

ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனில் உட்கார்ந்து தினேஸ்வரி அதைப் படித்தாள். கோகிலன் அவள் புருஷன். பீடோரிலிருந்து கொய்யாப்பழம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற லோரி ஓட்டி. சில வருஷங்களுக்கு முன்னால் பழம் ஏற்றப் போனவன் பீடோரிலேயே தங்கிவிட்டான். அங்கே அவனுக்கு இன்னொருத்தி. விவாகரத்து வழக்கு ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதைப்பற்றி தினேஸ்வரிக்குப் பெரிய வருத்தம் இல்லை. போகிற ஆளைப் பிடித்து வைக்க முடியாது. வீடு அப்படியில்லை. தோட்டத்தை விற்று ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது, அங்கே வேலை செய்த குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் அது மூலை வீடு. மாதத் தவணையெல்லாம் அவள் சம்பளத்தில் பிடித்ததுதான். பின்கட்டுச் சமையலறை அவள் எடுத்துக் கட்டியது. முன்னறையில் மகள் சாந்தினி எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடுகளுக்குத் தனித்தனியாக நிலப்பட்டா இன்னும் வரவில்லை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கெரான் பத்திரம், அதுவும் சங்கத்தின் பெயரில். சங்கத்தின் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வீட்டுக்காரர். ஆகவே அந்தத் தாமான் குடியிருப்பில் நிலப்பதிவு அலுவலகமும் சங்கம்தான், நீதிமன்றமும் சங்கம்தான். திருவிழாக் காலங்களில் கோயிலும் சங்கம்தான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லகாட் கடைவீதி மாடியில் இருந்த சங்க அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் பவித்ரன் ஏர்கோன் நேராக வீசும் இடத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேல் சங்கத் தலைவர் மகேந்திரனின் படங்கள் வரிசையாகத் தொங்கின. மாலையோடு ஒன்று, கத்தரிக்கோலோடு ஒன்று, அரிசி மூட்டையோடு ஒன்று.

"தம்பி, என் வீட்டுக்காரரு வீட்ட விக்கப் போறேங்கறாரு. கோர்ட்டுல கேஸ் முடியற வரைக்கும் நீங்க பேர மாத்திடக் கூடாது. அதத்தான் கேக்க வந்தேன்."

"போலே, முடியும் அக்கா. தாராளமா தடுக்கலாம். அதுக்குன்னே ஒரு மனு இருக்கு." பவித்ரன் மகிழ்ச்சியோடு சொன்னான். "வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வேணும்."

"யாரு வீட்டுக்காரரு?"

"கோகிலன் அண்ணன்."

"அவரு விக்கறதத் தடுக்கறதுக்கு அவரே கையெழுத்துப் போடணுமா?"

"பின்ன? அவருக்குத் தெரியாம அவரு வீட்டு மேல தடை போட்டா நியாயமா இருக்குமா அக்கா?"

இதில் எங்கே தப்பு இருக்கிறதென்று தினேஸ்வரிக்குத் தெரிந்தது. ஆனால் அதை இவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"சரி, அவரு விக்கறதுக்கு என் கையெழுத்து வேணுமா?"

"வேணாம் அக்கா. ஒங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அங்கிருந்து நேரே ஈப்போவுக்கு பஸ் ஏறினாள். விவாகரத்து வழக்கில் அவளுக்காக நின்றவர் ட்ரேசி என்ற இளம் வழக்கறிஞர். பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டுவது அவர் வழக்கம். செய்தியைப் படித்ததும் தட்டுவதை நிறுத்தினார்.

"அக்கா, மொதல்ல ஒன்னு. வீட்ட விட்டு மட்டும் வெளிய போயிடாதீங்க. அண்ணன் வீட்டுக்கு ரெண்டு நாள் போறேன்னு கூடப் போகாதீங்க. போனா, நீங்களாத்தான் போனீங்கன்னு சொல்லுவாங்க."

"போகல மிஸ்."

"பேர்ல இல்லன்னா உரிமை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க கட்டியிருக்கீங்க, பிள்ளய அங்க வளத்திருக்கீங்க. அதெல்லாம் கோர்ட் பாக்கும். கேஸ் முடியறதுக்குள்ள விக்கக் கூடாதுன்னு தடை உத்தரவு கேக்கலாம். கெரான் சங்கத்துப் பேர்ல இருக்கறதுதான் சுசா, அதான் சிக்கல். வீடு கோகிலன் பேர்ல பதிவாகியிருக்குன்னு சங்கத்துக்கிட்ட ஒரு உறுதிக் கடிதம் வாங்கிட்டு வாங்க."

தினேஸ்வரி மறுபடி லகாட்டுக்குப் போனாள்.

"குடுக்க முடியாதே அக்கா," என்றான் பவித்ரன். உண்மையாகவே வருந்தினான். "உறுப்பினரோட விவரத்த மூனாவது ஆளுக்குக் குடுக்கக் கூடாது."

"நான் மூனாவது ஆளா? கோகிலன் மொத ஆளு. ரெண்டாவது ஆளு யாரு?"

"சங்கம்."

அவள் எழுந்தபோது பவித்ரன் பின்னாலேயே படிவரைக்கும் வந்தான். அடுத்த வாரம் நல்லிணக்கக் குழு அவள் வீட்டுக்கு வருகிறது என்றான். கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் சங்கம் சும்மா இருக்காதாம். தலைவரே நேரில் வருவாராம்.

"விக்கறத நிறுத்தி வச்சிட்டுத்தான வருவீங்க?"

"அது எப்படி அக்கா? விக்கறது வியாபாரம், அது பாட்டுக்கு நடக்கும். நீங்க தடுக்கச் சொல்லிக் கேட்டதுதான் குடும்பப் பிரச்சன. அதத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்."

நல்லிணக்கக் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பாத்திக் சட்டையில் தலைவர் மகேந்திரன், கையில் டேப்லட்டோடு பவித்ரன், படம் எடுக்க ஒருவர், படத்தில் நிற்க இருவர். தினேஸ்வரி எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். தலைவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டைத் தட்டிப் பார்த்தார். மூலை நிலத்தில் நின்று கால்களை அகட்டி வைத்துக்கொண்டு சாலைப் பக்கம் நோட்டம் விட்டார். பிறகு நாற்காலியில் அமர்ந்து, ஐந்து பேர் முன்னால் ஐந்நூறு பேருக்குப் பேசும் குரலில் பேசினார்.

"அம்மா, பெண்கள மதிக்கறதுல எனக்கு நிகரு இந்தப் பேராக்லயே கெடையாது. எனக்கு நாலு வீடு இருக்கு. என் வீட்டுக்காரி பேர்ல ஒன்னு கூட இல்ல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஏன்னு கேட்டிருப்பாளா? அப்பேர்ப்பட்ட பெண்களத்தான் நான் கையெடுத்துக் கும்பிடறேன்."

"கேட்டா குடுப்பீங்களா தலைவரே?"

"கேக்கற மாதிரி நான் வச்சுக்கலையேம்மா!" படத்தில் நிற்க வந்த இருவரும் கைதட்டினார்கள். "வீடுங்கறது என்னா? செங்கல்லா? சிமெண்டா? இல்ல. அன்பு! அன்பு போயிடுச்சுன்னா செங்கல்ல வச்சுக்கிட்டு நீங்க என்னா பண்ணப் போறீங்க? விட்டுக் குடுங்க. அதுவும் மூலை வீடு. பின்னாலதான் புது ரோடு வரப்போகுது. என் மருமகன் பாத்த ஒடனே சொன்னாரு, மாமா இந்த எடம் மட்டும்..."

பவித்ரன் இருமினான்.

"சங்கத்தோட எதிர்காலத்துக்காகச் சொல்றேன்," என்று முடித்து, தலைவர் மைலோவைக் குடித்தார்.

அடுத்தது வீட்டுச் சோதனை. பவித்ரன் டேப்லட்டைப் பார்த்துக் கேட்டான்.

"குடும்பத் தலைவர் வீட்ல இருக்காரா?"

"பீடோர்ல இருக்காரு. ஒங்களுக்கே தெரியும்."

"தலைவர் இல்ல." அவன் தட்டினான். "அப்ப குடும்பம் இல்ல. குடும்பம் இல்லன்னா..." இன்னொரு தட்டு. "வீடு காலி."

"என்னா தம்பி, நான் இங்கதான நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க அக்கா. குடியிருக்கல."

சத்தம் தாங்காமல் சாந்தினி புத்தகமும் கையுமாக அறையிலிருந்து வெளியே வந்தாள். தலைவர் அவளைப் பக்கத்தில் அழைத்து, எந்தப் பள்ளி என்று விசாரித்து, நன்றாகப் படித்து டாக்டராக வேண்டுமென்று தலையில் கைவைத்து வாழ்த்தினார். அதைப் படம் எடுத்தார்கள். அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தியதும், வீட்டில் யாரும் இல்லையென்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

"காலின்னு உறுதி பண்ண அக்கம்பக்கத்துல ஒரு சாட்சி வேணும்," என்றான் பவித்ரன். "பக்கத்து வீட்ல எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. அக்கா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எங்களுக்கு லேசா இருக்கும்."

தினேஸ்வரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். கத்தலாம் போலிருந்தது. ஆனால் காலி வீட்டில் கத்தினால் யார் காதில் விழும்?

சாயங்காலம் ட்ரேசிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா தட்டும் சத்தம் நின்றது.

"அக்கா, மருமகனா? அவரு வாயாலேயே சொன்னாரா?"

"ஆமா மிஸ். அன்பப் பத்திப் பேசறப்பதான் வந்துச்சு."

தடை உத்தரவுக்கு ட்ரேசி விண்ணப்பம் போட்டார். நீதிமன்றம் தேதி கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே சங்கம் தன் கடமையைச் செய்ய வந்துவிட்டது.

சாந்தினிக்கு முன்னோட்டப் பரீட்சை தொடங்கும் நாள். தினேஸ்வரிக்கு மதியம்தான் வேலை. அடுப்பில் நெத்திலி சம்பால் வெந்துகொண்டிருந்தபோது வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பவித்ரனும் ஒரு வயதான சீனப் பூட்டுக்காரரும் நின்றார்கள். கேட்டில் புதுச் சங்கிலி சுற்றியிருந்தது. பின்பக்கக் கம்பிக் கதவை ஏற்கெனவே பூட்டியாயிற்று.

"டேய் தம்பி! என்னா பண்றீங்க?"

பவித்ரன் தலையைத் திருப்பவில்லை. பூட்டுக்காரர்தான் திடுக்கிட்டார்.

"பாஸ், உள்ள ஆளு இருக்கு லா!"

"இல்ல அங்கிள். இது காலி வீடு."

"என்னா காலி? சமைக்குது லா. சம்பால் வாசன வருது."

"கணக்குல இல்ல அங்கிள். நீங்க பூட்டுங்க."

பூட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பவித்ரன் தானே பூட்டை அழுத்தினான். அது மாட்டிக்கொண்ட சத்தத்தில் சாந்தினி பள்ளிச் சீருடையோடு ஓடி வந்தாள். கேட்டைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, எனக்குப் பரீட்சைம்மா" என்றவள் அழத் தொடங்கினாள். அவள் அழுது தினேஸ்வரி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பன் போனபோதுகூட அவள் அழவில்லை.

தினேஸ்வரி அடுப்பை அணைத்தாள். போலீசுக்கு போன் செய்தாள். காலியான வீட்டுக்குள் தன்னையும் தன் மகளையும் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னாள். எதிர்முனையில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

மோட்டார் சைக்கிளில் வந்தவர் கார்ப்பரல் எரிக். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, யாரு பூட்டுனது?"

"சங்கம் சார். வீடு காலி. விதிப்படி பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கோம்."

"உள்ள நிக்கிறது யாரு?"

"அது... சார், அது வந்து..."

"இங்க பாரு தம்பி. வீடு காலின்னா நான் இப்ப யாரையும் பாக்கல. ஆனா பாத்துட்டேன். பேசவும் பேசிட்டேன். ஆளு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே பூட்டுனா அதுக்குச் சட்டத்துல வேற பேரு இருக்கு. நீயே சொல்லு. உள்ள ஆளு இருக்கா, இல்லையா?"

பவித்ரனுக்கு வேர்த்தது. ஏர்கோன் இல்லாத இடத்தில் அவன் ஒரு முடிவும் எடுத்ததில்லை. தலைவரை அழைத்தான். பதற்றத்தில் கை பட்டு ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது. மகேந்திரனின் மேடைக்குரல் கேட்டுக்கு இரு பக்கமும் முழங்கியது.

"ஆளு இல்லன்னு சொல்லுடா! பிறர்னு சொல்லு! விதியில அப்படித்தான இருக்கு? இன்னிக்கே பூட்டியாகணும், மருமகன் நாளைக்கு எடத்தப் பாக்க வாராரு!"

கார்ப்பரல் எரிக் பொறுமையாகக் கேட்டார். "தலைவர் சார், நான் போலீஸ் பேசறேன். நீங்களும் போலீஸ் பாலாய்க்கு வந்துடுங்க. பிறர்னா யாருன்னு ரிப்போட்ல எழுதணும். எனக்கு எழுத்து வராது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

போன் அணைந்தது.

பூட்டு திறந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் பூட்டுக்காரர் தன் வேனில் சாந்தினியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் பறந்தார். வழியெல்லாம், தனக்கும் பேத்தி இருக்கிறாள் என்றும் இந்தக் கூலி தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டே போனாராம். போலீஸ் நிலையத்தில் பவித்ரனும் மகேந்திரனும், அந்த வீட்டில் தினேஸ்வரி என்பவரும் அவர் மகளும் குடியிருக்கிறார்கள் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை கார்ப்பரல் முன்பே விளக்கியிருந்தார்.

ட்ரேசி அந்த வாக்குமூலத்தோடு நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு முடியும்வரை வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ கூடாது, தாயையும் மகளையும் வெளியேற்றவும் கூடாது என்று உத்தரவு கிடைத்தது.

சங்கம் உத்தரவை மதித்தது. அளவுக்கு மேலேயே மதித்தது. கூரையில் ஓடு விலகி நடுக்கூடத்தில் மழை ஒழுகியபோது தினேஸ்வரி பழுது பார்க்க அனுமதி கேட்டாள். வீட்டுக்கு எதுவும் செய்யக்கூடாதென்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, கூரைமேல் ஏறினால் அவமதிப்பு என்று பவித்ரன் சொல்லிவிட்டான். அந்த மழைக்காலம் முழுக்க அவள் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தாள். வேலை முடிந்து வந்தால் வாளி, விடிந்து எழுந்தால் வாளி. ட்ரேசி எழுதிய கடிதத்துக்கு, பழுது என்பது என்ன என்று ஆராயத் துணைக்குழு அமைத்திருப்பதாகப் பதில் வந்தது.

அந்த மழையில்தான் ஒரு நாள் கோகிலன் வந்தான். கையில் கொய்யாப்பழப் பை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். தினேஸ்வரி குடையோடு போய் நின்றாள். கேட்டைத் திறக்கவில்லை.

"தினா, தலைவரு மருமகனுக்குத்தான் வாங்குறாருன்னு எனக்குத் தெரியாது. மார்க்கெட்ல பாதி வெலதான் போகும்னு சொன்னாரு. நம்பிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா விக்க மாட்டீங்களா?"

அவன் பையை வேறு கைக்கு மாற்றினான். தலைமுடியிலிருந்து மழைத்தண்ணீர் ஒழுகியது.

"அங்க அவ வீட்ல இருக்கேன். அவ அம்மா பேர்ல இருக்கு. போன வாரம் சின்னதா ஒரு சண்ட. வெளிய போன்னு சொல்லிட்டா. லோரியிலதான் படுத்தேன். அப்படிப் படுத்தா எப்படி இருக்கும்னு அப்பதான் தெரிஞ்சுச்சு."

தினேஸ்வரிக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"என்னய மாசக் கடைசிக்குள்ள போகச் சொன்னியே. நான் எங்க படுத்திருப்பேன்? புள்ள எங்க படுத்திருக்கும்?" என்றாள். அவனிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். பழத்தை அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

விவாகரத்து வழக்கு முடிவுக்கு வந்தபோது கோகிலன் எதிர்க்கவில்லை. லோரியும் சேமநிதியும் அவனுக்கு, வீடு தினேஸ்வரிக்கு. சாந்தினியின் படிப்புச் செலவை அவன் தொடர்ந்து கொடுக்க வேண்டும். தினேஸ்வரி அதை விட்டுக்கொடுக்கக்கூடத் தயாராக இருந்தாள். ட்ரேசிதான் பேனாவைத் தட்டி, "அது ஒங்க பணம் இல்ல அக்கா, பிள்ளயோட உரிமை. அத விட்டுக் குடுக்க ஒங்களால முடியாது" என்று நிறுத்தினார்.

தீர்ப்பை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். பெயர் மாற்றுவதில் சிறு தடங்கல் இருந்தது. கணினியில் குடும்பத் தலைவர் இடத்தில் பெண் என்று போட்டால் ஏற்க மறுத்தது. அந்தக் கணினி நிரலை எழுதிக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். தற்காலிகமாக ஆண் என்று போட்டுக்கொள்ளலாமா என்று பவித்ரன் கேட்டான். தினேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் ஏர்கோனுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். மாலைவரை எழவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அந்த வாரக் கடைசியில் கணினி சரியாயிற்று.

அதோடு சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. தாமானின் முதல் பெண் குடும்பத் தலைவரை உருவாக்கிய பெருமைக்காக, சங்கம் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ள முடிவு செய்தது. தினேஸ்வரிக்கு மேடையில் பொன்னாடை போடுவார்கள் என்று வீடுவீடாக நோட்டீசு கொடுத்தார்கள்.

விழா நாளன்று தினேஸ்வரிக்கு இரவு வேலை முடிந்திருந்தது. குளித்துவிட்டு நடுக்கூடத்தில் பாய் விரித்தாள். புது ஓடு போட்ட கூரைக்குக் கீழே காற்றாடி சுழன்றது. மண்டபத்து ஒலிபெருக்கி வீடுவரை கேட்டது.

"பெண்ணுக்கு வீடு கேட்டுப் போராடுறவன் நான்!" மகேந்திரனின் குரல். "இந்தச் சகோதரிய வீட்ட விட்டு அனுப்ப எத்தனையோ பேரு முயற்சி பண்ணாங்க. அவங்க பேர நான் இங்க சொல்ல விரும்பல!" கைதட்டல். "சகோதரி தினேஸ்வரி மேடைக்கு வரவும்... சகோதரி தினேஸ்வரி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்..."

"அம்மா, கூப்புடுறாங்க," என்றாள் சாந்தினி.

"கேக்குது. ஜன்னல அடைச்சிட்டு வா."

மண்டபத்தில் சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு தலைவர் பொன்னாடையை விரித்து, அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலிக்குப் போர்த்திவிட்டார். படம் எடுத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

தினேஸ்வரி அதற்குள் தூங்கிவிட்டாள்.